முப்பத்தஞ்சாவது ராடு

இருபத்திரண்டாவது ராடும் உள்ளே போய்விட்டது. ஒரு ராடு இருபது அடி, ஆக நானூற்று நாற்பது அடி, இன்னும் வெளியே வருவது மாவுதான், வெள்ளை வெளேரென்று, தண்ணீர் என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிற கல்மாவு. ஆழ்குழாய்க் கிணறு தோண்டுகிற போர் வண்டியின் அடியிலிருந்து பீறிட்டுக் கிளம்பி வேப்பமரம், அப்பாவின் தலைத்துண்டு, வரப்போரம் நிறுத்தியிருந்த இரண்டு பைக் என்று பாரபட்சம் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் வெள்ளையடித்துக்கொண்டிருந்தது. கோகிலவாணி துப்பட்டாவை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு நின்றாள். காலை ஆறு மணிக்குத் துளை போட ஆரம்பித்ததிலிருந்து நிற்கிறாள். உட்காரு கண்ணு என்று அம்மா மரத்தடியிலிருந்து கையைக் காட்டினாள், காம்ப்ரசர் போடுகிற இரைச்சலில் வாய் அசைவது மட்டும்தான் தெரிந்தது. உட்கார மாட்டாள். உட்கார்ந்தால் பயந்துவிட்டாள் என்பார்கள். பயம்தான், இல்லை என்று யார் சொன்னது, ஆனால் அதை இந்தக் கும்பலுக்கு முன்னால் கடை விரிக்க அவளுக்கென்ன தலையெழுத்து. இந்த இடத்தைக் காட்டியது அவள். போன மாதம் பி.எஸ்சி. ஜியாலஜி முடித்தவள், கல்லூரிக் கருவியைப் பேராசிரியரிடம் கெஞ்சி வாங்கி வந்து, பக்கத்துக் கடலைக் காட்டுக்குள்ளே வரைக்கும் ஒயரை இழுத்து, நாலு இரும்புக் குச்சியைச் சம்மட்டியால் அடித்து, பூமிக்குள் கரண்டு விட்டுப் பார்த்து, வரைபடம் போட்டு, இதோ இங்கேதான் என்று முளை அடித்தவள். அப்பா செங்கோட்டுவேல் அன்றைக்குச் சோற்றில் கையை வைத்தபடி சொன்னார், ஊர் கேட்கச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். "நீ ஒரு எடம் காட்டு அம்மிணி. தண்ணி வந்துருச்சுன்னா உன்ற இஷ்டம், தர்மபுரி வேலைக்கே போ. வல்லீன்னா நாங்க சொல்றதைக் கேட்டுக்கோணும். சரியா?" சரீங்ப்பா என்றாள். வாய்க்குள் இருந்த சோற்றை விழுங்குவதற்கு முன்னாலேயே சொன்னாள்.

ஏன் சொன்னாய், ஏன் சொன்னாய், இதே கேள்விதான் இருபத்திரண்டு ராடாக உள்ளே போய்க்கொண்டிருக்கிறது, ஒரு ராடு இறங்கினதும் அடுத்தது. ஆழம் தெரியாமல் காலை விடுவது என்பார்களே, அதை எழுத்துப் பிசகாமல் செய்தவள் உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள், ஆழம் தெரிந்துகொள்கிற படிப்பைப் படித்துவிட்டு. பேராசிரியர் முதல் வருடமே சொன்னார், நூற்றுக்கு எழுபது எழுபத்தைந்து குழியில் தண்ணீர் அமையும், மிச்சம் பூமியின் இஷ்டம், எவனாவது நூற்றுக்கு நூறு என்று சொன்னால் அவனிடம் கையெழுத்துப் போடாதே. அந்த எழுபதை அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால், அப்படியென்றால் உன் படிப்புக்கும் பெரியப்பன் நீரோட்டம் பார்க்கிற தேங்காய்க்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டிருப்பார், நியாயமான கேள்வி, அதற்குப் பதில் சொல்ல ஒரு மணி நேரமாவது வேண்டும், அப்பாவுக்குச் சோறு ஆறிவிடும். அதனால் சரி என்றாள். கோபத்தில் சொன்ன சரி. அன்றைக்குக் காலையில்தான் கோயிலில் பூ கேட்டுவிட்டு வந்திருந்தார்கள். வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி சாமி காலடியில் போட்டு, வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். வாணியை பி.எட். சேர்க்கலாமா சாமி என்பது கேள்வி. சிவப்பு வந்தது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, மனசுல வேற நெனப்பு வந்துருச்சுங்க, இன்னொருக்காப் போடுங்க என்றாள். மறுபடியும் சிவப்பு. பூசாரி அம்மாவின் முகத்தைப் பார்த்தார், அம்மா பூசாரியைப் பார்த்தாள். மூன்றாவது முறை வெள்ளை வந்ததும், பாத்தியா கண்ணு, அம்மனே சொல்லிப்போட்டா என்று கண்ணீர் விட்டாள். பொய் இல்லை, நிஜக் கண்ணீர். டீச்சர் வேலை என்றால் அம்மாவுக்கு அப்படி ஒரு ஆசை, காலையில் ஒன்பது மணிக்குப் போய் சாயங்காலம் நாலரைக்கு வந்துவிடலாம், மே மாதம் லீவு, கையில் கைப்பை, ஊரில் மரியாதை, பத்தாவதோடு தன்னை நிறுத்திப் போட்டதற்கு இருபத்தைந்து வருடம் கழித்து ஒரு பதில். அம்மாவின் ஆசை கெட்ட ஆசை என்று வாணி ஒருநாளும் நினைத்ததில்லை, அதுதான் கஷ்டம். கெட்ட ஆசையாக இருந்தால் ஒரே போடாகப் போட்டுவிட்டுப் போகலாம்.

இருபத்தி நாலு. மாதேஸ் அண்ணன், போர் வண்டியை ஓட்டுகிற டிரில்லர், விரலைக் காட்டினார், இரண்டு, நாலு. நானூற்று எண்பது. அவர் கைப்பிடியில் கையை வைத்திருக்கிற விதமே தனி, நாடி பார்க்கிற மாதிரி, சத்தத்தைக் காதால் கேட்காமல் உள்ளங்கையால் கேட்கிறார். வாணிக்கு அந்த மனிதரைப் பிடித்திருந்தது. காலையில் முளையைப் பார்த்துவிட்டு, யாரு பாயிண்ட்டு பாத்தது என்று கேட்டபோது, என்ற மவ என்று அப்பா கொஞ்சம் குரலைத் தாழ்த்திச் சொன்னதையும், ஓ படிச்ச பாயிண்ட்டா என்று மாதேஸ் முளைக்கு ஒரு கும்பிடு போட்டதையும் அவள் மறக்க மாட்டாள். மரத்தடிக் கட்டிலில் பெரியப்பா உட்கார்ந்திருந்தார், அப்பாவின் அண்ணன் காளியண்ணன், சுற்றுப்பட்டில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கிறதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று பெயர். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு காட்டைச் சுற்றி நடப்பார், தண்ணீர் இருக்கிற இடம் வந்தால் தேங்காய் குடுமியைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து நிற்கும். இந்தக் காட்டிலேயே மூன்று இடத்தில் நின்றது. மூன்றும் வறண்டது. மூன்றின் மேலும் பலகைக்கல் போட்டு மூடியிருக்கிறது, வடக்கே ஒன்று, கிணற்றோரம் ஒன்று, மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் ஒன்று, சின்ன வயதில் அவள் பாண்டி ஆடிய கல் அது. அவருக்கு வாய்த்த பேச்சு என்னவென்றால், யானைக்கும் அடி சறுக்கும். அப்பாவும் சொன்னார், அம்மாவும் சொன்னாள், வந்தவன் போனவன் எல்லாம் சொன்னான், மூன்று முறை சறுக்கியும் யானை யானையாகவே இருந்தது. அந்த யானைதான் இப்போது நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிற மாப்பிள்ளையையும் கொண்டுவந்திருக்கிறது. பையனைக் குறை சொல்ல முடியாது, ஒருமுறை போனில் பேசினான், கோழிக்குக் காய்ச்சல் வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று பத்து நிமிடம் அழகாகச் சொன்னான், உனக்கு என்ன பிடிக்கும் என்று மட்டும் கேட்கவில்லை. கல்லைப் பத்திப் படிச்ச புள்ளைக்குக் கோழியைப் பத்திப் படிக்க எத்தன நாளாவும் என்றார் பெரியப்பா. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துத் தொலைத்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

பெங்களூருக்குப் போயிருக்கலாம். அது ஒன்று பாக்கி இருக்கிறது, செல்லில், மின்னஞ்சலில் வந்த கடிதமாக, பதில் சொல்லக் கடைசி நாள் என்று சிவப்பெழுத்தில். கால்சென்டர்காரர்கள் கல்லூரிக்கே வந்து ஆள் எடுத்தார்கள், ஜியாலஜியா ஆங்கிலமா என்றெல்லாம் பார்க்கவில்லை, வாய் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள். கூடப் படித்த ஷர்மிளா போய்ச் சேர்ந்துவிட்டாள், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு எவனோ ஒரு வெளிநாட்டுக்காரன் திட்டுவதை வாங்கிக்கொள்ளணும்டி, மத்தபடி ரூம் சூப்பர், ஞாயித்துக்கிழமை மால் என்றாள். ஓடிப்போவதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது. அதற்கு எந்தக் குழியிலும் தண்ணீர் வர வேண்டாம், அப்பாவே பஸ் ஏற்றிவிடுவார், கம்பெனி வேலை என்றால் ஊருக்கும் புரியும், பெரியப்பாவுக்கும் புரியும். தர்மபுரிதான் யாருக்கும் புரியவில்லை. நிலத்தடி நீர் ஆய்வு என்று போர்டு மாட்டிய மாடி அறை, ஒரு ஜீப், இரண்டு கருவி, நடத்துகிறவர் ஒரு பெண், தலை நரைத்தவர், நேர்காணலில் கேட்ட முதல் கேள்வியே சம்மட்டி தூக்குவியா என்பது. வேலை அதுதான், ஒயர் சுமப்பது, குச்சி அடிப்பது, வெயிலில் அளவு எடுப்பது, சாயங்காலம் வரைபடம் போடுவது. திங்கட்கிழமை வந்து சேர், வருகிறாயா இல்லையா என்று சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் சொல் என்றார். இன்றைக்குச் சனிக்கிழமை. இதற்கா ஆசைப்படுகிறாய், நிஜமாகவே இதற்கா, இல்லை, எல்லோரும் வேண்டாம் என்கிறார்களே என்பதற்காகவா என்று வாணி தன்னையே குறுக்கு விசாரணை செய்தாள், இந்த மூன்று வாரமாகத் தூங்கப் போகிறபோதெல்லாம் செய்கிற விசாரணை. வீம்பா ஆசையா. வீம்பும் இருக்கிறது, ஏன் இல்லாமல், செங்கோட்டுவேலின் மகள்தானே. ஆனால் இரண்டாம் வருடம் மலையடிவாரத்துக்குக் கூட்டிப்போனபோது ஒரு கருங்கல்லைச் சுத்தியால் உடைத்தாள், நாலைந்து அடி, கை அதிர்ந்தது, கல் இரண்டாகப் பிளந்தது, உள்ளே கறுப்பும் ரோஸும் மின்னிக்கொண்டு ஒரு முகம் இருந்தது. அந்த முகத்தை அதுவரைக்கும் உலகத்தில் ஒருத்தரும் பார்த்ததில்லை, ராஜா பார்த்ததில்லை, சாமி பார்த்திருக்கலாம், மனிதர்களில் முதல் ஆள் அவள்தான். அன்றைக்கு அவளுக்கு அழுகை வந்தது. பஸ்ஸில் திரும்பி வருகிறபோது ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு சந்தோஷமாக அழுதாள். வீம்பில் அழுகை வராது. அவ்வளவுதான், விசாரணை முடிந்தது, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும்வரை.

சத்தம் மாறியது. அவளுக்கு முன்னால் மாதேஸின் உள்ளங்கைக்குத் தெரிந்திருக்க வேண்டும், சட்டென்று நிமிர்ந்தார். ராடு வழுக்கிக்கொண்டு இறங்கியது, கல்லைக் கடிக்கிற கரகரப்பு போய் மெத்தென்று ஒரு சத்தம். புகைபோல வந்துகொண்டிருந்த மாவு நின்று, கட்டி கட்டியாக, பச்சையும் சாம்பலுமாக என்னவோ வந்து விழுந்தது. வெடிப்பு! பாறை வெடிப்பு, தண்ணீர் ஓடுகிற வழி! ஐந்நூற்று இருபது, வரைபடத்தில் கோடு இறங்கின அதே இடம், அவள் பென்சிலால் வட்டம் போட்ட இடம்! ஓடினாள், செருப்பு ஒன்று வரப்பிலேயே கிடந்தது, குனிந்து ஒரு கட்டியை எடுத்துப் பிசைந்தாள், ஈரம், விரலில் ஒட்டுகிறது, ஐயோ ஈரம். அப்பா எழுந்துவிட்டார். அம்மா இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி மாரியாத்தா என்றாள். அந்த இரண்டு நிமிடம் இருக்கிறதே, அந்த இரண்டு நிமிடத்தில் கோகிலவாணி தர்மபுரிக்குப் போய்விட்டாள், மாடி ஏறிவிட்டாள், ஜீப்பின் பின்சீட்டில் உட்கார்ந்துவிட்டாள், பெரியப்பா ஊர்க்கூட்டத்தில் எழுந்து என்ற தம்பி மவ படிச்சவ என்று சொல்வதைக் கேட்டுவிட்டாள், கோழிப்பண்ணைப் பையனுக்கு வேறொரு நல்ல பெண்ணைக்கூடப் பார்த்து முடித்துவிட்டாள். மாதேஸ் காற்றை வேகமாக விட்டு ஊதினார். இன்னும் நாலு கட்டி வந்தது. பிறகு தண்ணீர் வர வேண்டும், சேறாக வர வேண்டும், நுரையோடு வர வேண்டும். வந்தது மாவு. வெள்ளை வெளேரென்று, பழையபடி, ஒன்றுமே நடக்காத மாதிரி. "களிமண்ணு பாப்பா" என்று மாதேஸ் காதருகில் வந்து கத்தினார். "வெடிப்பு இருக்குது, உள்ள களி அடைச்சுக் கெடக்குது. தண்ணி ஓடுற வழியில்ல." அவர் பாவமாகப் பார்த்தார். அந்தப் பார்வைதான் அவளுக்குப் பிடிக்கவில்லை, திட்டியிருந்தால் தேவலை.

களிமண். களிமண் கரண்டைக் கடத்தும், தண்ணீரைப் போலவே கடத்தும், ஒயரின் இந்தப் பக்கம் நிற்கிறவளுக்கு இரண்டும் ஒரே கோடுதான். இது தெரியாதா அவளுக்கு, மூன்றாம் வருடப் பாடம், பரீட்சையில் பதினைந்து மதிப்பெண்ணுக்கு எழுதினாளே, ஒரே வரைபடத்துக்கு இரண்டு பொருள் வரலாம், ஆகவே இன்னொரு திசையிலும் ஒயரை விரித்து அளந்து சரிபார்க்க வேண்டும் என்று அழகான கையெழுத்தில். அளந்தாளா. இல்லை. குறுக்கே இழுக்கப் பெரியப்பாவின் காட்டு வழியாகப் போக வேண்டும், அவரிடம் கேட்க வேண்டும், கேட்டால் சிரிப்பார், என்ன அம்மிணி கம்பியைக் கட்டித் தண்ணியைக் கூப்படறியா என்பார். அந்தச் சிரிப்புக்குப் பயந்து அளக்கவில்லை. ஒரே திசையில் எடுத்த அந்த ஒரு அளவோடு முளை அடித்துவிட்டாள். ஐந்நூற்று அறுபது, எண்பது, அறுநூறு, மாவு, மாவு, மாவு. இடுப்பு வலித்தது. காலையிலிருந்தே வலிக்கிறது, இன்றைக்கு இரண்டாவது நாள். அம்மாவுக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. தெரிந்தால் போர் போடுகிற இடத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்க விட்டிருக்க மாட்டார்கள், பூசை போட்ட இடம், எலுமிச்சம்பழம் நசுக்கின இடம், தீட்டுக்காரி நின்றால் ஊற்றுக் கண் மூடிக்கொள்ளும் என்பார்கள். அதெல்லாம் கட்டுக்கதை என்று வாணிக்குத் தெரியும். மனசாரத் தெரியும். தெரிந்தும் அறுநூற்று இருபதாவது அடியில், ஒரு வேளை, என்று ஒரு குரல் முணுமுணுத்தது, இரண்டடி தள்ளித்தான் நிற்கலாமே, தள்ளி நின்றால் என்ன குறைந்துவிடும். கால் ஒரு எட்டு பின்னால் போயேவிட்டது. அடிப் பாவி, என்று தன்னையே திட்டிக்கொண்டாள், அறுநூறு அடிக்குக் கீழே, கோடி கோடி வருடத்துக்கு முன்னால் உறைந்த கல், அதற்கு உன் நாள்கணக்குத் தெரியுமா. பின்னால் போன காலை முன்னால் எடுத்துவைத்தாள். எங்கே நின்றாளோ அதைவிட ஒரு எட்டு முன்னால் போய் நின்றாள், மாவு முகத்திலேயே அடித்தது.

முப்பத்தி மூன்று. முப்பத்தி நாலு. எழுநூறோடு நிறுத்திவிடலாம் என்று அப்பா முதலிலேயே பேசி வைத்திருந்தார், இன்னும் ஒரே ஒரு ராடு. இந்த ராடில் வந்துவிடும் என்று அவள் நினைக்கவில்லை. நினைக்காதது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவு நேரம் வந்துவிடு வந்துவிடு என்று கெஞ்சிக்கொண்டிருந்த மனசு எந்த இடத்தில் கெஞ்சுவதை விட்டது என்று தெரியவில்லை. அதற்குப் பதிலாகக் கோபம் வந்திருந்தது, நல்ல சூடான கோபம், பாறைமீதும் இல்லை களிமண்மீதும் இல்லை, சோற்றுத் தட்டுக்கு முன்னால் சரீங்ப்பா என்ற தன்மீது. இந்தக் குழிக்கும் என் பிழைப்புக்கும் யார் முடிச்சுப் போட்டது. அப்பா கயிற்றை நீட்டினார், போட்டது நான். தண்ணீர் வந்தால் கெட்டிக்காரி, வராவிட்டால் டீச்சர். இது என்ன கணக்கு. டாக்டர் ஒரு நோயாளியைப் பறிகொடுத்தால் ஆஸ்பத்திரியை மூடிவிட்டுக் கல்யாணம் செய்துகொள்கிறாரா. தண்ணீர் வந்திருந்தாலும் இந்த முடிச்சு முடிச்சுதானே, தண்ணீர் கொடுத்த அனுமதியில் போயிருப்பாள், அடுத்த ஊரில் ஒரு குழி வறண்டால் திரும்பி வா என்பார்கள், ஒவ்வொரு குழிக்கும் ஒரு முறை பிழைக்க வேண்டும். மாதேஸ் இரண்டு கையையும் குறுக்கே காட்டினார். காம்ப்ரசர் ஓய்ந்தது. இத்தனை மணி நேர இரைச்சலுக்குப் பிறகு வந்த அமைதியில் காது குய்யென்றது, எங்கேயோ ஒரு மயில் கத்தியது, யாரோ இருமினார்கள்.

"எழுநூறு ஆச்சுங்க" என்றார் மாதேஸ். "இன்னி எத்தன போட்டாலும் மாவுதானுங்க."

அப்பா துண்டை எடுத்து உதறினார், மறுபடியும் கட்டிக்கொண்டார். பெரியப்பாதான் கட்டிலிலிருந்து எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டி, சாவகாசமாக வந்தார். "நான் அன்னைக்கே சொன்னனா இல்லியா செங்கோட்டு. பொட்டப்புள்ள பேச்சைக் கேட்டு பூமியைக் குத்துனா இப்படித்தான். போச்சாது உடு. நாமக்கல்காரங்களை வரச் சொல்லிப்போடட்டுமா?" அதற்குள் அம்மா வந்து வாணியின் கையைப் பிடித்து வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். மூச்சு வாங்கியது அம்மாவுக்கு. "கண்ணு, நாஞ்சொல்றதைக் கேளு. நீ தூரமா இருக்கறதை நான் உங்கப்பங்கிட்டச் சொல்லிப்போடறேன். தெரியாம நின்னுபோட்டா, தீட்டுனாலதான் ஊத்து மூடிக்கிச்சுன்னு சொல்றேன். ரெண்டு வசவு உழுகும், நான் வாங்கிக்கறேன். உன்ற படிப்பு மேல பழி வராது. பொறவு ஆறு மாசங்கழிச்சு, இன்னொரு எடம் பாக்கச் சொல்லலாம், அதுவரைக்கும் பி.எட். போ. என்ன?" அம்மாவின் கண் கெஞ்சியது. இந்த அம்மா இருக்கிறாளே, மூன்றாம் பூவுக்குக் கண்ணீர் விட்ட இதே அம்மா, மகள் தலை குனியாமல் இருக்க அம்மனையே கொஞ்சம் வளைத்துக் கொடுக்கத் தயாராக நிற்கிறாள், வாழ்நாள் பூராவும் இப்படி ஒவ்வொரு பொய்யாக அடுக்கித்தான் இந்த வீட்டில் நிற்க ஒரு இடம் பிடித்திருக்கிறாள். கட்டிக்கொண்டு அழலாம் போல இருந்தது. சரி என்று மட்டும் சொல்லக் கூடாது. சரி என்றால் தப்பாகப் போனது அளவு இல்லை, உடம்பு என்று ஆகிவிடும், அளவைத் திருத்தலாம், உடம்பை எங்கே கொண்டுபோய்த் திருத்துவது. "வேண்டாம்மா" என்றாள். அம்மாவின் கையை ஒருமுறை அழுத்திவிட்டு அப்பாவிடம் நடந்தாள். ஒரு காலில் செருப்பு இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது, கல் குத்தியது, நிற்கவில்லை.

"அப்பா. எடத்தைக் காட்டுனது நானு. வெடிப்பு இருக்குதுன்னு சொன்னேன், இருந்துச்சு. உள்ள தண்ணின்னு சொன்னேன், களிமண்ணு. குறுக்கால இன்னொருக்கா அளந்திருந்தாத் தெரிஞ்சிருக்கும், நான் அளக்கலை. தப்பு என்னுதுதானுங்ப்பா. வேற எந்தக் காரணமும் இல்லை. ஆரு என்ன சொன்னாலும் அதை நீங்க நம்பக் கூடாது."

அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். முகமெல்லாம் மாவு, கண் மட்டும் சிவந்திருந்தது. "அப்பறம் என்ன அம்மிணி" என்றார் மெதுவாக. "சொன்ன சொல்லு இருக்குதல்ல."

"இருக்குதுங்ப்பா. அதை நான் காப்பாத்தப் போறதில்லை."

"கேட்டியா பேச்சை!" என்று பெரியப்பா கையைத் தட்டினார். "பெத்தவங்கிட்டக் குடுத்த வாக்கையே மாத்தறா! நாளைக்கு ஊருக்குள்ள தலை காட்டறதா வேண்டாமா நாம?"

"பெரீப்பா" என்று திரும்பினாள் வாணி. "இந்தக் காட்டுல உங்களுக்கு மூணு குழி குடுத்தாங்க. மூணும் மூடிக் கெடக்குது. நான் வராம இருந்திருந்தா நாலாவதுக்கும் உங்களைத்தான் கூப்பிட்டிருப்பாங்க. எவனாவது ஒருத்தன் உங்க கையில இருந்த தேங்காயைப் புடுங்கிப்போட்டு, போதும், போயி பி.எட். படின்னு சொன்னானுங்களா? மூணு தப்புக்கு உங்களுக்கு வாழ்க்கை போகலை. ஒரு தப்புக்கு எனக்கு மட்டும் ஏனுங்க போகோணும்?"

மாதேஸ் பொத்துக்கொண்டு வந்த சிரிப்பை இருமலாக மாற்றி வண்டிக்குப் பின்னால் போய்விட்டார். பெரியப்பா மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்து மறுபடியும் கட்டினார். அப்பா குழியைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், கடைசியில் தரையைப் பார்த்தார், போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். வாணி துப்பட்டாவால் செல்லைத் துடைத்தாள், விரலில் ஒட்டிய மாவில் தர்மபுரி நம்பர் முதல் முறை தப்பாகப் போய், இரண்டாவது முறைதான் மணி அடித்தது. தள்ளிப் போய்ப் பேசவில்லை, அங்கேயே, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி நின்று பேசினாள்.

"மேடம், கோகிலவாணி பேசறனுங்க, திருச்செங்கோட்டுல இருந்து. மொதல்ல ஒண்ணு சொல்லிப்போடறேன், அப்புறம் வேலை குடுக்கறதும் குடுக்காததும் உங்க இஷ்டம். நான் காட்டுன மொத எடம் இப்பத்தான் எழுநூறு அடி வறண்டுச்சுங்க." ஏன் வறண்டது என்று தெரியுமா என்று அந்தப் பக்கம் கேட்டார்கள். அவள் பெரியப்பாவைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள். "பாதி தெரியுமுங்க மேடம். மீதி எங்க தப்புனேன்னு தெரியோணும். அதுக்குத்தான் வர்றேன். திங்கக்கிழமை காத்தாலை எட்டு மணிக்கு அங்க இருப்பேன்."